மோர்மிளகாயும் தோட்டத்துப் பேரேடும்

மிளகாய் நம் மண்ணின் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்தியக் கரைகளுக்குக் கொணர்ந்தனர். அதற்குமுன் உறைப்பென்றால் மிளகுதான். அதன் காரத்தை ஒத்திருந்தமையால் புதிய காய் ‘மிளகாய்’ ஆயிற்று. சிங்களத்திலும் இதே கதைதான். மிளகைக் குறித்த ‘மிரிஸ்’ என்னும் சொல்லை வந்தேறிய காய் பற்றிக்கொள்ள, பழைய மிளகு ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர் மிரிஸ், என்றாயிற்று. மோர்மிளகாயைச் சிங்கள மக்கள் ‘மோரு மிரிஸ்’ என்கின்றனர். முற்பாதி நம் மோர். இனப்பகையை வளர்ப்போர் அடுக்களைப் பக்கம் போவதில்லை போலும்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களில் ரப்பர் பரவியபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டமே அரிசி வழங்கி, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. 1927-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூலியையும் அரிசி விலையையும் சேர்த்தே நோக்கியது. ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைவு என்பதும் அக்கூலியின் விதி. அரிசி பேரேட்டில் ஏறியது. அந்தச் சோற்றை எதைத் தொட்டு உண்பது என்ற கேள்வி ஏறவில்லை. அது பெண்ணின் தலையில் விழுந்தது.

லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டத்தில் காய்த்த பச்சை மிளகாயை நுனியிற் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவிடுவர். பகலில் சுளகிற் பரப்பி வெயிலில் வைப்பர்; மாலையில் மீண்டும் அதே மோர். மோர் முற்றும் வற்றியபின், குலுக்கினால் விதை கலகலக்குமளவுக்குக் காயவேண்டும். ஈரம் எஞ்சினால் பூசணம் பிடிக்கும், எண்ணெயிலும் மொறுமொறுக்காது. வெயிலுள்ள நாட்டில் இது எளிது. இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை! மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய பேரும் இல்லை. வெயில் எறிக்கும் நாளிலோ பெண் மலையில் நிற்பாள். நண்பகலுக்குப்பின் மேகம் திரண்டால் இஸ்தோப்பிலிருக்கும் கிழவிதான் ஓடிச்சென்று சுளகை எடுக்கவேண்டும். மாசி, பங்குனியில் இரண்டு கிழமை தொடர்ந்து வெயில் கிடைத்தால் அதுவே பெரும் பேறு.

இடதுசாரிகளாகிய நாம் மறைக்கக்கூடாத ஓர் அத்தியாயமும் இதில் உண்டு. 1970-ல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியில் செத்தல் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து, வன்னி விவசாயி நிமிர்ந்தான். அது உண்மையான நன்மை. ஆனால் மிளகாயை விளைவிக்காமல் விலைகொடுத்து வாங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அதே விலை எட்டாக்கனியாயிற்று. அன்றைய நிதியமைச்சர் என். எம். பெரேரா, கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினர். 1948-ன் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கட்சியின் தலைவர் அவர். எனினும் அத்தொகுதியின் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார்க்கு அச்சட்டத்தின் விளைவாக வாக்கில்லை. வாக்கில்லாதவனின் அடுப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறும்? 1973, 1974-ம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் மரணங்கள் பெருகின.

அக்காலத்தை என் பாட்டி பஞ்சமென்று சொல்வதில்லை. ‘கிழங்கு தின்ன காலம்’ என்பார். அவித்த மரவள்ளிக்கிழங்குக்குப் பொரித்த மோர்மிளகாயை எண்ணித்தான் வைப்பாராம். மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. தமக்கு எத்தனை என்று நான் கேட்டபோது, பொரித்த எண்ணெயைக் கிழங்கில் தடவிக்கொள்வேன் என்றார்.