ஆலைக்காரன் வழக்கு



பிரஷ்ய நாட்டு மன்னர் இரண்டாம் பிரடெரிக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. போட்ஸ்டாமில் தம் அரண்மனைக்கு அருகிலிருந்த காற்றாலையின் இரைச்சல் பொறாது அதனை அகற்ற முனைந்தாராம். பெர்லினில் நீதிமன்றம் ஒன்று இருப்பதை ஆலைக்காரன் அஞ்சாது நினைவூட்டவே, மன்னர் அடங்கிப் போனாராம். இக்கதையை நான் எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன்; பிள்ளைகளும் மகிழ்ந்து கேட்டிருக்கிறார்கள். அது வெறுங்கதை என்று பின்னரே அறிந்தேன். அக்கடனைத் தீர்க்கவே, அதே மன்னரையும் வேறோர் ஆலைக்காரனையும் பற்றிய உண்மை வரலாற்றை இன்று கூற வந்தேன்.

இன்று போலந்து நாட்டில் உள்ள பொமெர்சிக் என்னும் சிற்றூரில் ஆர்னால்டு என்பவன் நீராலை வைத்து மாவரைத்து வந்தான். ஆலைக்குரிய வாரத்தை ஷ்மெட்டாவ் பிரபுவுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். ஓடையின் மேற்புறத்தில் கெர்ஸ்டார்ப் என்ற மற்றொரு பிரபு மீன் வளர்க்கக் குளம் வெட்டினார். நீர் குறைந்து ஆலை ஓடவில்லை என்று கூறி, ஆர்னால்டு வாரத்தை நிறுத்திக்கொண்டான். பிரபுவின் சொந்த நீதிமன்றமே வழக்கை விசாரித்தது. 1778-ல் ஆலை ஏலத்துக்குப் போயிற்று. வாரம் பெறுபவருடைய மன்றமே தீர்ப்பும் கூறுவதென்றால், ஏழைக்கு ஐயம் எழாதிருக்குமா? ஆர்னால்டின் மனைவி மன்னருக்கு மனுமேல் மனுவாக அனுப்பினாள்.

மன்னர் ஒரு படைத்தலைவரை அனுப்பி விசாரிக்கச் செய்தார். அவர் ஆலைக்காரன் பக்கமே பேசினார். ஆனால் கீஸ்திரின் நகர நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. பெர்லின் உயர்நீதிமன்றமும் அவர்கள் தீர்ப்பையே உறுதி செய்தது. குளத்துக்கும் ஆர்னால்டின் ஆலைக்கும் இடையே இருந்த மரம் அறுக்கும் ஆலை ஒன்று தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1779 டிசம்பர் 11. கீல்வாதத்தால் துன்புற்றிருந்த மன்னர், தலைமை நீதி அமைச்சர் பியூர்ஸ்டையும் உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவரையும் அழைத்தார். அமைச்சரை அங்கேயே பதவி நீக்கினார். நீதிபதிகளைச் சிறைக்கு அனுப்பினார். வேந்தனும் இரவலனும் நீதியின் முன் ஒன்றே என்றும், அநீதி செய்யும் மன்றம் கள்வர் கூட்டத்தினும் கொடியது என்றும் நாளேடுகளில் அறிக்கை வெளியிட்டார். எத்துணை அழகிய சொற்கள்! ஆயினும் 1752-ல், நீதிமன்றத்தில் சட்டமே பேச வேண்டும், அரசன் மௌனமாயிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தவரும் அவரே. ஏழைக்கு இரங்கிய நெஞ்சம் அவருடையது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலைக்கு நீர் வந்ததா இல்லையா என்ற கேள்வியை இரக்கம் எவ்வாறு தீர்க்கும்?

நீதிபதிகளுக்குத் தண்டனை எழுதுமாறு செட்லிட்ஸ் என்னும் அமைச்சருக்கு ஆணை சென்றது. ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் நீதிபதிகளிடம் குற்றம் காணவில்லை. எனவே அத்தண்டனையைத் தம்மால் எழுத இயலாது என்று செட்லிட்ஸ் மன்னருக்கே பணிவுடன் எழுதிவிட்டார். அவர் கல்வித் துறையையும் கவனித்தவர். 1788-ல் பிரஷ்யப் பள்ளிகளில் இறுதித் தேர்வை ஏற்படுத்தியவரும் அவரே. தேர்வுக்காக அவரை நோகும் மாணவர்கள் இந்த மறுப்புக்காக மன்னித்துவிடலாம்! மன்னரோ தாமே தண்டனை விதித்தார்: பெர்லின் நீதிபதிகள் இருவருக்கும் கீஸ்திரின் நீதிபதிகள் சிலருக்கும் ஓராண்டு கோட்டைச் சிறை, ஆலைக்காரனின் இழப்பையும் அவர்களே கைப்பொருளிலிருந்து ஈடு செய்ய வேண்டும். பெர்லின் நகரப் பெருமக்கள் வண்டிகளில் அணியணியாகச் சென்று, பதவியிழந்த பியூர்ஸ்டுக்கு ஆறுதல் கூறினார்கள்.

பியூர்ஸ்டின் இடத்துக்கு வந்தவர் கார்மெர். சட்டங்களைத் திருத்தித் தொகுக்கும் பெரும்பணி அவரிடமும், அவருக்குத் துணையான ஸ்வாரெஸ் என்னும் அறிஞரிடமும் ஒப்படைக்கப்பட்டது. அநீதியால் காலியான நாற்காலியிலிருந்துதான் அச்சீர்திருத்தம் தொடங்கிற்று. 1786-ல் பிரடெரிக் மறைந்ததும், அடுத்த மன்னர் அந்நீதிபதிகள் குற்றமற்றவர்கள் என அறிவித்தார். 1791-ல் அச்சான சட்டத் தொகுப்பில், வழக்குகளில் மன்னர் தம் அதிகாரத்தால் இடும் ஆணை செல்லாது என்ற பொருளில் ஒரு விதியே இடம்பெற்றது. 1792-ல் தொகுப்பு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. 1794-ல் அது மீண்டும் வெளிவந்து நடைமுறைக்கு வந்தபோது, அந்த விதியை அதில் காணவில்லை.