நீர்மூழ்கியிலிருந்து வந்த சூயிங்கம்

1967 டிசம்பரில் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் நகரிலுள்ள லியோ மருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிளேஸ் லுண்ட்கிரென். அருகிலுள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தில், வானத்தில் பறக்கும்போதும் கடலுக்கடியில் இருக்கும்போதும் மனித உடம்பு என்ன பாடுபடுகிறது என்று ஆராயும் கூடத்தில் வேலை பார்த்தவர். அவரும் சக ஆய்வாளர் ஸ்டெஃபான் லிக்ட்நெக்கர்ட்டும் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். நீர்மூழ்கி தண்ணீருக்குள் போய்விட்டால் யாரும் பற்றவைக்க முடியாது. கரையில் ஓயாமல் ஊதித் தள்ளும் மாலுமிகள் அந்த நேரங்களில் புகையிலையை வாயில் அதக்கிக்கொண்டு சமாளித்தார்கள். விமானப் பணியாளர்களிடமும் இதே கதைதான். மேலே வந்ததும், தரையிறங்கியதும் மறுபடி சிகரெட். அப்படியானால் புகையே இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் வாய் வழியாகக் கொடுத்தால் என்ன? கடிதம் கேட்டது இதைத்தான்.

போய்ச் சேர்ந்த இடமும் பொருத்தமான இடம். லியோவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலர் ஓவே ஃபெர்னோ, தானே கடுமையாகப் புகைபிடித்தவர்; விட்டுவிடப் போராடிக்கொண்டிருந்தவர்.

அந்தக் காலத்தில் சிகரெட்டை விட நினைத்தவருக்குக் கிடைத்த உதவி பெரும்பாலும் உபதேசம்தான். ‘மனசு வைத்தால் முடியும்’ என்பதை டாக்டரும் சொன்னார், பாதிரியாரும் சொன்னார், வீட்டாரும் சொன்னார்கள். மருந்து என்று இருந்தவையும் அரைகுறை. வெள்ளி உப்பு கலந்த மாத்திரையைச் சப்பிவிட்டுப் புகைத்தால் வாய் சகிக்காது. வெறுப்பு வரவேண்டும் என்பது திட்டம். ‘இந்தியன் டொபாக்கோ’ என்று அமெரிக்காவில் அழைக்கப்பட்ட லோபீலியா செடியிலிருந்து எடுத்த லோபலின், நிக்கோட்டினின் வேலையைக் கொஞ்சம் செய்யும் என்று நம்பினார்கள். 1950-களில் ஸ்டாக்ஹோமில் பெரியே ஏய்ரூப் என்ற மருத்துவர் புகை விடுவோருக்கென்றே கிளினிக் நடத்தி லோபலின் ஊசி போட்டார். பின்னாளில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தபோது லோபலின் தேறவில்லை.

இத்தனைக்கும், புகைப்பவர் தேடுவது நிக்கோட்டினைத்தான் என்பதை ஒரு மருத்துவர் தன் உடம்பிலேயே காட்டியிருந்தார். லிவர்பூலுக்குப் பக்கத்தில் குடும்ப மருத்துவராக இருந்த லென்னாக்ஸ் ஜான்ஸ்டன், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, தனக்கும் 35 தன்னார்வலர்களுக்கும் சிறு அளவில் நிக்கோட்டின் ஊசி போட்டார். புகைப்பழக்கம் உள்ளவர்கள் ‘சுகமாக இருக்கிறது’ என்றார்கள். இல்லாதவர்களுக்கு என்னவோபோல இருந்தது. சுமார் 80 ஊசிகளுக்குப் பிறகு சிகரெட்டைவிட ஊசியே பிடித்துப்போனது, நிறுத்தியபோது ஏக்கம் வந்தது என்று 1942-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964-இல் உலகையே உலுக்கிய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, புகை நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று அடித்துச் சொன்னது. ஆனால் புகைப்பதை அடிமைத்தனம் என்று சொல்லாமல் ‘பழக்கம்’ என்ற வரிசையில்தான் வைத்தது. அந்தக் கணக்கைத் திருத்த இன்னும் 24 ஆண்டுகள் ஆயின.

ஃபெர்னோவின் குழு வாய்க்குள் மெல்லும் பசையைத் தேர்ந்தெடுத்தது. யோசனை எளிது, செய்வது கடினம். நிக்கோட்டின் காரமும் கசப்புமானது. வெறுமனே பசையில் கலந்தால் முதல் சில கடியிலேயே மொத்தமும் வெளியேறி, தொண்டை எரிந்து, வயிற்றைப் பிரட்டும். இதற்காக நிக்கோட்டினை ஒருவகை அயனிப் பரிமாற்றப் பிசினோடு கட்டினார்கள். மெல்ல மெல்லத்தான் எச்சிலில் உள்ள உப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். மெல்லும் வேகத்தைக் குறைத்தால் நிக்கோட்டினும் குறையும். தேவையை மெல்லுபவரே கூட்டிக் குறைக்கலாம்.

அதோடு முடியவில்லை. விழுங்கிய நிக்கோட்டினில் பெரும்பகுதியை, அது ரத்த ஓட்டத்தில் கலப்பதற்கு முன்பே கல்லீரல் சிதைத்துவிடும். ஆகவே அது கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக உறிஞ்சப்பட வேண்டும். வாயில் புளிப்பு இருந்தால் இது நடக்காது, காரத்தன்மை வேண்டும். பசையில் காரத்தன்மை தரும் கார்பனேட் உப்பைச் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, மென்று, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் வித்தை தலைமுறை தலைமுறையாக இங்கே கைவந்தது. சுண்ணாம்பு செய்வதும் அதே வேதியியல்தான்: எச்சிலைக் காரமாக்கி நிக்கோட்டினை ரத்தத்துக்குள் தள்ளுவது. ஸ்வீடனின் ஸ்னூஸ் என்ற ஈரப்புகையிலையிலும் சோடியம் கார்பனேட் உண்டு. ஆனால் வெற்றிலையோடு போடும் புகையிலை வாயைத் தின்னும். அன்றைய திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஐ. எம். ஓர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி 1933-இல் ‘லான்செட்’டில் கட்டுரை எழுதினார். புகையிலையோடு வருகிற புற்றுநோய்க் காரணிகளை விட்டுவிட்டு நிக்கோட்டினை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் ஃபெர்னோ செய்த வேறுபாடு.

லுண்ட் நகரில் நடந்த முதல் சோதனைகளின் முடிவுகள் 1973-இல் வெளியாயின. ஆனால் கடைக்கு வர இன்னும் காலம் பிடித்தது. நிக்கோட்டின் கலந்த மிட்டாய்போன்ற ஒன்று மருந்தா, புகையிலைப் பொருளா, தின்பண்டமா? புகைப்பதே நோய் என்று ஒப்புக்கொள்ளாத காலத்தில் அதற்கு மருந்து என்ற பெயரில் எதைப் பதிவு செய்வது? ‘நிக்கோரெட்’ என்ற பெயரில் முதல் அனுமதி 1978-இல் சுவிட்சர்லாந்தில்தான் கிடைத்தது. பிறந்த நாடான ஸ்வீடன் பின்னால் வந்தது. அமெரிக்கா 1984-இல், அதுவும் டாக்டர் சீட்டோடு.

இடையில் லண்டனில் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். மாட்ஸ்லி மருத்துவமனையின் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். மனிதர்கள் புகைப்பது நிக்கோட்டினுக்காக, சாவது தாரினால் என்ற பிரித்தறிதலை 1976-இல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெறச் செய்தது. அவருடைய இரு ஆய்வுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று 1979-இல் வந்தது. லண்டனில் குடும்ப மருத்துவர்கள் தங்களிடம் வந்த 2,138 புகைப்பவர்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதம் பேர்தான் ஓராண்டுக்கு விட்டிருந்தார்கள். ‘விட்டுவிடுங்கள்’ என்று ஓரிரு நிமிடம் சொல்லி, துண்டுப் பிரசுரம் கொடுத்து, மறுபடி விசாரிப்போம் என்றும் எச்சரிக்கப்பட்டவர்களில் 5.1 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் நாட்டில் உள்ள எல்லா டாக்டர்களும் சொன்னால்? பல டாக்டர்கள் சொல்வதே இல்லை என்பதுதான் விஷயம்.

இரண்டாவது, 1982-இல் வந்த சூயிங்கம் சோதனை. கிளினிக்குக்கு வந்த 116 பேரில் பாதிப் பேருக்கு நிக்கோட்டின் பசை, பாதிப் பேருக்குப் போலிப் பசை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து முதல் குழுவில் 47 சதவீதமும், இரண்டாவதில் 21 சதவீதமும் புகையின்றி இருந்தார்கள். அந்த 47-ஐ மட்டும் பார்த்து ஆகாயத்தில் பறக்கக் கூடாது. அவர்கள் தாமாகத் தேடி வந்தவர்கள். கூடவே குழு ஆலோசனையும் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பிற்காலத்தில் தொகுத்துப் பார்த்தபோது, நிக்கோட்டின் மாற்று மருந்துகள் விடும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்று தெரிந்தது. அப்போதும் பெரும்பாலோர் முதல் முயற்சியில் தோற்கிறார்கள்.

ஏன் என்பதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. இழுத்த புகையின் நிக்கோட்டின் பத்து, இருபது விநாடிகளில் மூளையைத் தொடும். பசையில் அது உச்சத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். வாய் நமநமக்கும்போது பசை கொடுப்பது சுகமல்ல, ஓர் அமைதி. தலைக்கேறும் கிறுகிறுப்பு கிடையாது. மெதுவாக வருவதால்தான் அதற்கு அடிமையாவது கடினம். அதே மெத்தனத்தால்தான் பலர் ‘இது சரிப்படாது’ என்று இரண்டே நாளில் தூக்கியெறிகிறார்கள். பலர் சாதாரண சூயிங்கம் போலச் சவைத்துத் தள்ளுவதும் ஒரு காரணம். விக்கல், நெஞ்செரிச்சல், தாடை வலி வந்துவிடும். வாயில் மிளகுபோல் சுறுசுறுவென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைத்து, சுறுசுறுப்பு அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். காபியோ பழச்சாறோ குடித்த கையோடு போடக் கூடாது. புளிப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

காபி இன்னொரு விதத்திலும் இடைஞ்சல் செய்கிறது. சிகரெட் புகை, கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடுகிறது. எப்போதும் குடிக்கிற அதே அளவு காபி, உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை. ஆள், ‘சிகரெட் இல்லாததால்தான்’ என்று நினைத்து ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறார். விட்ட முதல் வாரத்தில் டீயும் காபியும் குறைக்கச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் தணிவது. எரிச்சலும் கவனச்சிதறலும் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் மங்கும். ஆனால் டீக்கடை பெஞ்சும் தம்முமாகப் பல ஆண்டு வாழ்ந்தவருக்கு, மாதங்கள் கழிந்தும் டீக்கடையைக் கண்டால் கை பாக்கெட்டைத் தேடும். அதற்குப் பசை மட்டும் போதாது.

யாருக்கு எவ்வளவு பிடிப்பு என்று அளக்க ஸ்வீடன்காரர் கார்ல்-ஒலோவ் ஃபாகெர்ஸ்ட்ரோம் என்ற உளவியலாளர் 1978-இல் ஒரு கேள்விப் பட்டியல் போட்டார். அதில் இன்றும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பாதியாகிக்கொண்டே போவதால், தூங்கி எழும்போது கிட்டத்தட்ட காலியாகிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் தேடுபவருக்கு 2 மில்லிகிராம் பசை போதாது. 4 மில்லிகிராம் வேண்டும்.

பசைக்கு அடுத்தது ஒட்டுப்பட்டை. லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருந்தியலர் மர்ரே ஜார்விக்கும் ஜெட் ரோஸும், ஈரப் புகையிலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாக நிக்கோட்டின் ஏறி மயக்கமும் வாந்தியும் வருவதை அறிந்தார்கள். தோல் வழியே ஏறுமானால் மருந்தாகவும் ஏறட்டுமே. மனிதர்கள் மேல் சோதிக்க அனுமதி கிடைக்காததால் தங்கள் தோலிலேயே தடவிப் பார்த்தார்கள், நாடித்துடிப்பு ஏறியது. 1991-இல் அமெரிக்காவில் பட்டைக்கு அனுமதி. 1996-இல் பசையும் பட்டையும் சீட்டில்லாமல் விற்க வழி பிறந்தது.

புகையிலைக் கம்பெனிகள் இதையெல்லாம் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. நிக்கோரெட்டை அமெரிக்காவில் விற்றது மெரல் டவ். அதன் தாய் நிறுவனம் டவ் கெமிக்கல். அந்த டவ்விடமிருந்துதான் பிலிப் மோரிஸ் சிகரெட் புகையிலை காயாமல் இருக்க வேண்டிய ரசாயனங்களை வாங்கியது. 1984-இல் பிலிப் மோரிஸ் அந்த வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது. பின்னாளில் வழக்குகளில் வெளிவந்த உள்ஆவணங்களை ஆராய்ந்து 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை, அந்த அழுத்தத்துக்குப் பிறகு பசை விளம்பரத்தில் புகை எதிர்ப்புத் தொனி மெலிந்ததைக் காட்டியது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் என்று தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் 1988-இல் அறிக்கையே வெளியிட்ட பிறகும், 1994 ஏப்ரலில் ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கைதூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, ‘எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை’ என்ற பாணியில் பதில் சொன்னார்கள்.

மேற்கு உலகம் பசையையே சுற்றிக்கொண்டிருந்தபோது, பல்கேரியாவில் வேறொரு மருந்து 1964-லேயே கடைக்கு வந்துவிட்டது. லேபர்னம் மரத்திலிருந்து எடுத்த சைட்டிசின். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புகையிலை கிடைக்காமல் அந்த இலையைப் புகைத்தவர்கள் உண்டு. மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்திலேயே இது போய் உட்கார்ந்து, பாதி வேலை செய்து, மீதியை மறிக்கும். பல பத்தாண்டுகளாகக் கிழக்கு ஐரோப்பாவில் மலிவு விலையில் விற்றும், 2011-இல் வார்சாவில் நடந்த பெரிய சோதனை ஒன்று வெளியாகும்வரை மேற்கே அதைச் சீந்துவார் அதிகமில்லை. சைட்டிசின் எடுத்தவர்களில் ஓராண்டு விட்டிருந்தவர்கள் 8.4 சதவீதம், போலி மாத்திரைக்காரர்களில் 2.4 சதவீதம். சைட்டிசினின் அமைப்பை ஒட்டி உருவான வரெனிக்ளின் 2006-இல் அமெரிக்காவில் வந்தது. விலை மட்டும் பல மடங்கு.

இந்தியாவில் 2 மில்லிகிராம் பசையைச் சீட்டில்லாமல் வாங்கலாம். பான் சுவையிலும் கிடைக்கிறது. நிக்கோட்டின் மாற்று மருந்துகள் 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்தன. 2016–17 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 28.6 சதவீதமும் தமிழ்நாட்டில் 20 சதவீதமும் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். இதில் பீடிக்காரருக்கு ஒரு நியாயமான கேள்வி உண்டு: ஒரு கட்டு பீடியின் விலையோடு ஒப்பிட்டால் பசை அட்டை எத்தனை பங்கு? விலை குறையாமல் இந்த மருந்து ஏழையை எட்டாது.

புகை வேறு, நிக்கோட்டின் வேறு என்று ஃபெர்னோ பிரித்துக் கொடுத்ததை விட்டவர்கள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 2022-இல் பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல், உதட்டுக்கடியில் ஒதுக்கும் நிக்கோட்டின் பைகளை விற்கும் ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தை சுமார் 1,600 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பைகளில் இலை கிடையாது, புகை கிடையாது, தார் கிடையாது. வாங்குவோரில் ஒருபோதும் சிகரெட் பிடிக்காத இளைஞர்களும் உண்டு.