தொலைக்காட்சி அலைவாங்கிகளை இணைத்தல்

தொலைக்காட்சி அலைவாங்கிகளை இணைத்தல் என்பது, வெவ்வேறு திசைகளில் உள்ள ஒளிபரப்பு நிலையங்களை ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில் காண்பதற்காக, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைவாங்கிகள் (ஆன்டெனாக்கள்) பெறும் குறிகைகளை ஒரே கம்பியில் சேர்க்கும் முறையாகும். இக்கம்பிகளை வெறுமனே முறுக்கிச் சேர்த்தால் இரு நிலையங்களின் படமும் கெடக்கூடும். எனவே ஒவ்வொரு அலைவாங்கியும் தனக்குரிய அலைவரிசையை மட்டும் அனுப்புமாறு பிரிப்பதே இம்முறையின் அடிப்படை ஆகும்.

தேவை

வீட்டுக் கூரைகளில் காணப்பட்ட மீன்முள் வடிவ அலைவாங்கி, சப்பானியரான உடா, யாகி ஆகியோர் 1926 இல் அறிமுகப்படுத்திய யாகி-உடா வகையைச் சார்ந்தது. இது தான் நோக்கும் திசையிலிருந்து வரும் அலைகளையே வலுவாகப் பெறும்.

பாக்கு நீரிணைப் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இராமேசுவரத்திலிருந்து தூர்தர்சனின் கொடைக்கானல் நிலையம் மேற்கு-வடமேற்கில் சுமார் 225 கி.மீ. தொலைவிலும், இலங்கை ரூபவாகினியின் (தொடக்கம்: பெப்ரவரி 15, 1982) பீதுருதாலகால மலை நிலையம் தெற்கு-தென்கிழக்கில் சுமார் 300 கி.மீ. தொலைவிலும் உள்ளன. 1980களில் தமிழகத்தின் தென்கடற்கரையில் ரூபவாகினியும், யாழ்ப்பாணத்தில் தூர்தர்சனும் பார்க்கப்பட்டன. ஒரே அலைவாங்கி வைத்திருந்தோர், நிலையத்தை மாற்றும்போது கம்பத்தையும் திருப்ப வேண்டியிருந்தது.

நேரடி இணைப்பின் குறைகள்

* ஓர் அலைவாங்கி பெறும் ஆற்றலின் ஒரு பகுதி மற்ற அலைவாங்கி வழியே வெளியேறும். சாதாரண இருவழி இணைப்பானைப் பயன்படுத்தினாலும் ஏறத்தாழப் பாதி ஆற்றல் (3 டெசிபெல்) இழக்கப்படும்.
* ஒரே நிலையத்தின் அலையை இரு அலைவாங்கிகளும் பெறும். 175 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். ஆகவே பாதை வேறுபாடு 85 செ.மீ. அளவில் இருந்தால், இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்க முற்படும்.
* மலையில் எதிரொளித்துத் தாமதமாக வரும் அலை, ஒப்புமை ஒளிபரப்பில் நிழற்படத்தை உண்டாக்கும். 300 மீட்டர் கூடுதல் பாதை, ஒரு மைக்ரோநொடி தாமதத்திற்குச் சமம்.

இணைக்கும் முறைகள்

நிலையங்கள் வெவ்வேறு பட்டைகளில் (வி.எச்.எப்., யு.எச்.எப்.) இருந்தால் பட்டை வடிகட்டி கொண்ட இணைப்பான் போதுமானது, இதில் இழப்பு மிகக் குறைவு. இரண்டும் ஒரே பட்டையில் இருந்தால், குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் விடும் வடிகட்டி தேவை. இரு நிலையங்களும் ஒரே அலைவரிசையில் இருந்தால் இணைத்தல் பயன்தராது. அப்போது மாற்று விசையோ அலைவாங்கியைத் திருப்பும் மின்பொறியோ பயன்படும்.

குறிகை வலுவற்றதாயின் பூஸ்டரை அலைவாங்கியின் அருகிலேயே, இணைப்பானுக்கு முன்னர் பொருத்த வேண்டும். நீண்ட கம்பியின் இறுதியில் பொருத்தினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

மலைப்பகுதிகள்

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால் உயரம் முதன்மையானது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 ஊராட்சிகளுள் ஒன்றான ஆலத்தூர் நாடு, கொடைக்கானலுக்கு வடகிழக்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ளது. 1,000 மீட்டர் உயரத்திற்கு வானொலி அடிவானம் சுமார் 130 கி.மீ.; 2,100 மீட்டருக்குச் சுமார் 190 கி.மீ. இவற்றின் கூட்டுத்தொகை 320 கி.மீ. என்பதால், தென்மேற்கு திறந்த மேட்டில் குறிகையைப் பெறக் கணக்களவில் தடையில்லை. ஆனால் முகட்டின் பின்னால் பள்ளத்தில் உள்ள வீட்டிற்கு, எத்தனை அலைவாங்கிகளை இணைத்தாலும் பயன் குறைவு. ஓர் அலைவாங்கியை முகட்டில் நிறுத்துவதே வழி. அத்தகைய கம்பத்திற்கு இடியிலிருந்து காக்கும் நில இணைப்பு கட்டாயம் தேவை.

பிற்கால நிலை

கம்பிவடத் தொலைக்காட்சியும், 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்சனின் இலவச செயற்கைக்கோள் சேவையும் கூரை அலைவாங்கிகளின் தேவையைக் குறைத்தன. சுமார் 50 நிலையங்கள் தவிர ஏனைய ஒப்புமைத் தரைவழி ஒளிபரப்பிகளை 2022 மார்ச் 31க்குள் நிறுத்துவதாகப் பிரசார் பாரதி 2021 இல் அறிவித்தது. எனினும் பண்பலை வானொலிக்கும் எண்ணிமத் தரைவழி ஒளிபரப்பிற்கும் இதே கொள்கை பொருந்தும். எண்ணிம முறையில் நிழற்படம் தோன்றாது. குறிகை குறிப்பிட்ட அளவிற்குக் கீழே குறைந்தால் படம் உறைந்து நின்றுவிடும்.