புண்புழு நோய்

திறந்த புண்ணில் ஈக்கள் இடும் முட்டைகள் பொரிந்து, புழுக்கள் திசுவைத் தின்று வளர்வது புண்புழு நோய். மருத்துவர்கள் இதை மயாசிஸ் என்பர். நோயாளியின் வீட்டார் 'புண்ணில் புழு வைத்துவிட்டது' என்று சொல்லி அழைத்து வருவார்கள்.

காரணம்

இந்தியாவில் இந்நோய்க்கு முக்கியக் காரணம் கிரைசோமியா பெஸ்ஸியானா என்னும் நீலப்பச்சை ஈ. 1914இல் பூச்சியியலாளர் வில்னேவ் இதற்குப் பெயரிட்டார். இதன் புழுக்கள் உயிருள்ள உடலின் புண்களில் மட்டுமே வளரும். பெண் ஈ புண்ணின் விளிம்பில் 150 முதல் 200 முட்டைகள் வரை இடும். அவை ஒரு நாளுக்குள் பொரியும். புழுக்கள் வாய்க்கொக்கிகளால் திசுவைக் கிழித்து உட்புகும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முதிர்ந்து மண்ணில் விழுந்து கூடுகட்டும்.

சென்னையும் ஆய்வும்

சென்னையில் அடையாற்றை அடுத்த கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன், எஃப். டபிள்யூ. கிராகுடன் இணைந்து 1913இல் மருத்துவப் பூச்சியியல் பாடநூலை வெளியிட்டார். மனிதரிடமும் கால்நடைகளிடமும் புண்புழு உண்டாக்கும் இந்திய ஈ கிரைசோமியா பெஸ்ஸியானா என்பதை விளக்கும் பேட்டனின் கட்டுரை 1920இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வந்தது.

பாதிக்கப்படுவோர்

நீரிழிவாலோ தொழுநோயாலோ கால் மரத்துப்போனவர்கள், படுக்கைப்புண்ணும் புற்றுப்புண்ணும் உள்ளவர்கள், மனநோயுடன் தெருவில் வாழ்பவர்கள் ஆகியோருக்கே இது மிகுதி. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர் நடைபாதைகளில் உறங்குவோருக்குக் கட்டு மாற்றவும் ஆள் இல்லை. குடைச்சல், நாற்றம், இரத்தக் கசிவு, புண்ணுக்குள் ஏதோ ஊரும் உணர்வு ஆகியவை அறிகுறிகள். மூக்கு, காது, கண் ஆகியவற்றில் புழு வைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருத்துவம்

புழுவின் மூச்சுத்துளைகள் வால்முனையில் உள்ளன. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும். மருத்துவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார். ஆழத்தில் சில தங்கிவிடுவதால் அடுத்தடுத்த நாட்களிலும் தேடி எடுக்க வேண்டும். பிறகு உப்புநீரால் கழுவி, அழுகிய திசுவை அகற்றிக் கட்டுப்போடுவர். டெட்டனஸ் தடுப்பூசியும், கிருமித்தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக்கும் தருவர். சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் புண் ஆறாது. வீட்டில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றக் கூடாது. நல்ல திசுவும் வெந்துபோகும்.

'புழு புண்ணைச் சுத்தமாக்கும்' என்று காத்திருப்பதும் தவறு. மருத்துவர் வில்லியம் பேர் 1931இல் எழுதிய புழுச் சிகிச்சைக்கு உதவுவது பெரும்பாலும் அழுகிய திசுவைத் தின்னும் லூசிலியா செரிக்காட்டா புழு. அதையும் கிருமி நீக்கி வளர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

தடுப்பு

புண்ணைத் தினமும் கழுவி மூடிவைத்தால் ஈ அண்டாது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் படுக்கையில் கிடப்போரை வீட்டுக்கே சென்று கவனிக்கிறது. வீடே இல்லாதவரின் புண்ணுக்கும் அதே கவனிப்பு கிடைத்தால் இந்நோயைப் பெருமளவு தடுக்கலாம்.