மேஜிக் சீட்டாட்டத்து உயிரிகள்: உருவாக்கமும் வரலாறும்

மேஜிக்: த கேதரிங் என்பது 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த மாயப்புனைவுச் சீட்டு விளையாட்டு. பொட்டலங்களில் வரும் சீட்டுகளை வாங்கிச் சேர்த்து, அவற்றிலிருந்து தனக்கு வேண்டிய சீட்டுக்கட்டை ஆட்டக்காரரே அமைத்துக்கொள்ளும் விளையாட்டு வகை இன்றைய வடிவில் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு மந்திரவாதி. மனா எனப்படும் மந்திர ஆற்றலைச் செலவிட்டு அவர் வரவழைக்கும் தேவதைகள், டிராகன்கள், பேய்கள், வீரர்கள் ஆகியோரே எதிராளியுடன் போரிடுகின்றனர்.

ஒரு சீட்டின் அகலம் ஏறத்தாழ 63 மில்லிமீட்டர், உயரம் 88 மில்லிமீட்டர். ஓர் உயிரியின் பெயர், படம், நிறம், வலிமை, அதற்குரிய விதி ஆகிய அனைத்தும் இந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். விளக்கி எழுத இடமில்லாததால், மீதியை ஆட்டக்காரர் தாம் ஏற்கெனவே அறிந்த கதைகளிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். எனவே இத்தகைய உயிரிகளை வடிவமைப்பது பெரும்பாலும் கடன் வாங்கும் கலையாகும். யாருடைய கதையை, எவ்வளவு பொறுப்புடன் கடன் வாங்குவது என்ற கேள்வி இந்த விளையாட்டின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வந்துள்ளது.

தோற்றம்

இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு ஒரு கணிதவியலாளர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1991இல் அவர் ரோபோராலி என்ற பலகை விளையாட்டை வெளியிடும் எண்ணத்துடன் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் பீட்டர் ஆட்கிசனை அணுகினார். அந்தச் சிறிய நிறுவனத்துக்கு அது செலவு மிகுந்த திட்டமாக இருந்தது. எளிதில் எடுத்துச்செல்லத்தக்க, விரைவில் ஆடி முடிக்கத்தக்க விளையாட்டு ஒன்று வேண்டும் என்றார் ஆட்கிசன். அதன் விளைவே மேஜிக்.

ஆல்ஃபா எனப்படும் முதல் பதிப்பில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன. மொத்தம் 26 லட்சம் சீட்டுகள் அச்சிடப்பட்டன. முதல் கலை இயக்குநர் ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ், சியாட்டிலின் கார்னிஷ் கலைக் கல்லூரியில் தமக்கு அறிமுகமானவர்களையும் பிற இளம் ஓவியர்களையும் திரட்டினார். 25 ஓவியர்கள் பங்கேற்றனர். பெரும்பாலும் சீட்டின் பெயர் மட்டுமே அவர்களுக்குத் தரப்பட்டது. உருவத்தை அவர்களே கற்பனை செய்தனர். அதனால் முதல் பதிப்பின் உயிரிகள் ஒரே உலகைச் சேர்ந்தவையாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஓவியரின் கனவாக நிற்கிறது.

விதியே குணமாதல்

உயிரிகளை ஒழுங்குபடுத்த கார்ஃபீல்டு வகுத்த முறை ஐந்து நிறங்கள். வெள்ளை ஒழுங்கையும் அறத்தையும், நீலம் அறிவையும், கறுப்பு தன்னலத்தையும் இறப்பையும், சிவப்பு உணர்ச்சியையும் அழிவையும், பச்சை இயற்கையையும் வளர்ச்சியையும் குறிக்கும். ஓர் உயிரிக்கு நிறம் தரப்பட்டதும் அதன் இயல்பில் பாதி முடிவாகிவிடும். மீதியை இரண்டு எண்கள் சொல்கின்றன: தாக்கும் வலிமை, அடி தாங்கும் திறன்.

பச்சை நிறக் கரடி இரண்டு மனாவுக்கு வரும். அதன் எண்கள் 2, 2. வேறு ஆற்றல் எதுவுமில்லை. இன்றும் ஆட்டக்காரர்கள் இரண்டு மனாவுக்கு வரும் 2/2 உயிரியைக் 'கரடி' என்றே அழைக்கின்றனர். மற்ற உயிரிகளை மதிப்பிடும் அளவுகோலாகவே அது ஆகிவிட்டது.

சிறந்த உயிரிகளில் விதியே குணத்தைச் சொல்லும். மெலிசா பென்சன் வரைந்த ஷிவன் டிராகன் பறக்கும். சிவப்பு மனா செலவிடும்தோறும் அதன் தாக்குதல் ஒன்று கூடும். நெருப்பு உமிழ்வதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. டக்ளஸ் ஷூலர் வரைந்த செரா தேவதையின் குணம் வேறு வகையில் வெளிப்படுகிறது. தாக்கிய உயிரியின் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிவைக்க வேண்டும் என்பதும், அவ்வாறு திரும்பியிருக்கும் உயிரி காவலுக்கு நிற்க இயலாது என்பதும் பொது விதி. செரா தேவதை தாக்கிய பின்னும் திரும்புவதில்லை. போருக்குச் சென்றாலும் காவலைக் கைவிடாதவள் என்பது இந்த ஒரு விதிவிலக்கால் புலப்படுகிறது. மார்க் டெடின் வரைந்த பாதாளத்தின் அதிபதி என்ற பேய்க்கு ஒவ்வொரு முறையும் வேறோர் உயிரியைப் பலியிட வேண்டும். தவறினால் வரவழைத்தவரையே அது தாக்கும். பேயுடன் செய்யும் உடன்படிக்கையின் ஆபத்தை அந்த விதியே உணர்த்திவிடுகிறது.

கடன் வாங்கிய கதைகள்

1993 டிசம்பரில் வந்த முதல் விரிவாக்கத் தொகுப்பு அராபிய இரவுகள். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளிலிருந்து அலாவுதீன், அலிபாபா, மன்னர் சுலைமான் ஆகியோர் நேரடியாகச் சீட்டுகளாயினர். ஷஹ்ராசாத் என்ற சீட்டை ஆடினால், நடக்கும் ஆட்டத்தை நிறுத்தி அதற்குள் இன்னோர் ஆட்டம் ஆட வேண்டும். கதைக்குள் கதை சொன்னவளை விதியாக மாற்றிய அருமையான வடிவமைப்பு இது. தமிழ்ச் சிறுவர் கதைகளில் பூதம் என்று அறிமுகமான ஜின்னும் வந்தது. ஜூசாம் ஜின் நான்கு மனாவுக்கே 5/5 வலிமையுடன் வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தன் எசமானுக்கே ஒரு புள்ளி சேதம் விளைவிக்கும்.

அதே தொகுப்பில் இக்கடனின் மறுபக்கமும் இருந்தது. உண்மையான சமயங்களையும் மக்களையும் சுட்டும் பெயர்கள் கவனமின்றிக் கையாளப்பட்டன. 1994இல் வெளியான லெஜெண்ட்ஸ் தொகுப்பு, பெயர் பெற்ற தனி வீரர்களையும் மூத்த டிராகன்களையும் முதன்முறையாகக் கொண்டுவந்தது. பின்னாளில் ஆட்டத்தின் முதன்மை எதிர்நாயகனான நிக்கோல் போலாஸ் அதில்தான் தோன்றினான். அதே தொகுப்பில் 'பிரதேஷ் ஜிப்சிகள்' என்ற சீட்டும் இருந்தது. நாடோடி மக்களைச் சுட்டும் இழிசொல்லாகப் பலர் கருதும் பெயர் ஒன்று இந்தியச் சொல் ஒன்றுடன் பொருளின்றி ஒட்டவைக்கப்பட்டிருந்தது.

2020 ஜூனில், அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, நிறுவனம் ஏழு பழைய சீட்டுகளை அதிகாரபூர்வப் போட்டிகளிலிருந்து தடைசெய்து, அவற்றின் படங்களையும் தன் தரவுத்தளத்திலிருந்து நீக்கியது. அராபிய இரவுகள் தொகுப்பின் சில சீட்டுகளும் பிரதேஷ் ஜிப்சிகளும் அவற்றுள் அடங்கும்.

பேய்களின் வனவாசம்

கவனமின்மையைப் போலவே அச்சமும் வடிவமைப்பை மாற்றியது. மாயப்புனைவு விளையாட்டுகள் சிறுவர்களைச் சாத்தான் வழிபாட்டுக்கு இட்டுச்செல்லும் என்ற கவலை அமெரிக்காவில் 1980களிலிருந்தே நிலவியது. 1990களின் நடுப்பகுதியில் நிறுவனம் புதிய சீட்டுகளில் பேய் என்ற இனப்பெயரைத் தவிர்க்கத் தொடங்கியது. ஒரு பழைய சீட்டின் ஓவியத்திலிருந்த ஐந்துமுனை விண்மீன் மறுபதிப்பில் அழிக்கப்பட்டது. 2002இல் ஒன்ஸ்லாட் தொகுப்பில்தான் பேய்கள் திரும்பின.

சொந்தமாகப் படைத்த இனம்

எந்தப் புராணத்திலும் இல்லாத உயிரியும் நிலைபெறும் என்பதற்கு 1997இல் டெம்பெஸ்ட் தொகுப்பில் வந்த ஸ்லிவர்கள் சான்று. மைக் எலியட் இவற்றை வடிவமைத்தார். எண்ணிக்கை கூடக்கூட வலுவடையும் பழைய எலிச் சீட்டு ஒன்று அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. அத்தொகுப்பில் ஒரு ஸ்லிவரின் ஆற்றல் களத்திலுள்ள எல்லா ஸ்லிவர்களுக்கும் கிடைத்தது, எதிராளியுடையவற்றுக்கும்கூட. ஒற்றை நகமும் அலகு போன்ற தலையும் கொண்ட அந்த உருவம், ஒரே மனம் பல உடல் என்ற கருத்துக்குப் பொருந்தியது.

2013இல் ஸ்லிவர்கள் மனிதச் சாயலில் திருத்தி வரையப்பட்டபோது ஆட்டக்காரர் பலர் எதிர்த்தனர். 2019இல் மாடர்ன் ஹொரைசன்ஸ் தொகுப்பில் பழைய உருவம் மீண்டது. 16 ஆண்டுகளுக்குள் ஒரு கற்பனை இனத்துக்கு மரபு உண்டாகிவிட்டதை இது காட்டியது.

உலகக் கையேடும் இந்தியச் சாயலும்

இன்று ஓர் உயிரி இரண்டு வழிகளில் பிறக்கிறது. தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் இவற்றை 'மேலிருந்து கீழ்', 'கீழிருந்து மேல்' என்று விளக்குகிறார். முதலாவதில் கதை முன்னே வந்து அதற்கேற்ற விதி தேடப்படும். இரண்டாவதில் விதி முதலில் வரும். 2011இல் வந்த இன்னிஸ்ட்ராட் தொகுப்பின் ஓநாய் மனிதர்கள் முதல் வகை. அவர்களுக்காகவே இருபுறமும் அச்சிட்ட சீட்டுகள் வந்தன. ஒரு சுற்றில் யாரும் எந்த மந்திரத்தையும் பயன்படுத்தாவிட்டால் மனிதன் ஓநாயாகத் திரும்புவான். ஊர் அடங்கிய இரவின் அச்சம் இவ்வாறு விதியாயிற்று.

ஓவியருக்குப் பெயரை மட்டும் தந்த காலமும் போயிற்று. இப்போது முதலில் ஓவியர் குழு ஒன்று கூடி அவ்வுலகின் உடை, கட்டடம், உயிரினம் ஆகியவற்றை வரைந்து உலகக் கையேடாகத் தொகுக்கிறது. ஒவ்வொரு சீட்டின் ஓவியரும் அதைப் பின்பற்றுகிறார்.

2016இல் வந்த கலாதேஷ், இந்தியச் சாயலில் அமைந்த கண்டுபிடிப்பாளர்களின் உலகம். 2007இலிருந்து ஆட்டத்தில் இருக்கும் நெருப்பு மந்திரக்காரி சந்திரா நலாரின் தாயகமாக அது சொல்லப்பட்டது. குளிர்ச்சிக்குப் பெயர்போன சந்திரனின் பெயரை நெருப்புக்காரி தாங்குவது இந்திய வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் சேலைச் சாயலான உடைகளும், பின்னல் வேலைப்பாடு மிக்க உலோக இயந்திரங்களும் இந்தியாவை எதிர்காலத்தை நோக்கிய நாடாகக் காட்டின. பாம்பாட்டிகளும் பாழடைந்த கோயில்களும் நிறைந்த வழக்கமான சித்திரத்திலிருந்து அது விலகி நின்றது.

இருந்தும் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. ரோமன் எழுத்தில் எழுதும்போது கலை என்று பொருள்படும் 'கலா'வும், இந்தியில் கறுப்பு என்று பொருள்படும் 'காலா'வும் ஒன்றுபோலத் தோன்றும். 2025இல் வந்த ஈதர்ட்ரிஃப்ட் தொகுப்பில் அவ்வுலகுக்குக் கண்டுபிடிப்பு எனப் பொருள்படும் 'ஆவிஷ்கார்' என்ற பெயர் சூட்டப்பட்டது.

மதிப்பீடு

பிரதேஷ் ஜிப்சிகளுக்கும் ஆவிஷ்காருக்கும் இடையே 30 ஆண்டுத் தொலைவு உள்ளது. முன்னதில் ஒலிக்கவர்ச்சிக்காக எடுத்தாளப்பட்ட சொல்லின் பொருளை யாரும் விசாரிக்கவில்லை. பின்னதில் ஒரு பெயரின் பொருளுக்காகவே உலகம் முழுதும் மறுபெயர் பெற்றது. கடன் வாங்காமல் மாயப்புனைவு இல்லை. ஜின்னும் டிராகனும் எல்லா மொழிகளிலும் பயணம் செய்தவைதான். கதையைக் கூர்ந்து கற்று எடுத்த இடங்களில் ஷஹ்ராசாத் போன்ற சீட்டுகள் பிறந்தன. பெயரை மட்டும் பறித்துக்கொண்ட சீட்டுகள் பின்னாளில் நீக்கப்பட வேண்டியவையாயின. கற்பனை உயிரிகளைப் படைக்க முனையும் மாணவர்களுக்கு இந்த வேறுபாடே முதற்பாடம்.