கூலி வாங்காமல் நாட்டை வரைந்தவர்கள்

1930களில் பிரிட்டனின் பல பள்ளிகளில் புவியியல் வகுப்பு வயல்வெளியில் நடந்தது. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அச்சான நிலப்படத் தாளும் ஒரு பென்சிலும்தான் கருவிகள். மாணவர்கள் வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு வயலிலும் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்து, தாளில் அந்த வயலுக்குள் ஓர் எழுத்தைக் குறித்தார்கள். உழவு நிலத்துக்கு ஓர் எழுத்து, புல்வெளிக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, புதர் மண்டிய மேட்டு நிலத்துக்கு இன்னொன்று. இப்படி நிரம்பிய தாள்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவை சிறிய அளவுக்குச் சுருக்கப்பட்டு, உழவு நிலம் பழுப்பாகவும் புல்வெளி இளம்பச்சையாகவும் காடு கரும்பச்சையாகவும் மேட்டுப் புதர்நிலம் மஞ்சளாகவும் அச்சேறின.

இந்த வேலையை 1930இல் தொடங்கியவர் டட்லி ஸ்டாம்ப். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு, லண்டன் பொருளியல் பள்ளிக்கு வந்த புவியியலாளர். நாடு முழுவதும் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று கணக்கெடுக்க அவருக்கு ஆசை இருந்தது; அதற்கு ஆள் வைக்கப் பணம் இல்லை. ஆகவே பள்ளிகளையும் ஆசிரியர்களையும் உள்ளூர் ஆர்வலர்களையும் கேட்டார். ஏறத்தாழ 22,000 தாள்கள் நிரம்பின. பங்கெடுத்த மாணவர்கள் இரண்டரை லட்சம் பேர் வரை இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

சில ஆண்டுகளிலேயே இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். உள்நாட்டில் எந்தப் புல்வெளியை உழுது தானியம் விதைக்கலாம் என்று அரசு தேடியபோது, பதில் பிள்ளைகள் குறித்த தாள்களில் இருந்தது. அரசு கேட்காமலே மக்கள் செய்து வைத்திருந்த வேலை, அரசுக்கு மிக வேண்டிய நாளில் கைகொடுத்தது. அந்தக் கணக்கெடுப்பின் முழு வரலாற்றையும் ஸ்டாம்ப் 1948இல் நூலாக வெளியிட்டார். 1960களில் அலிஸ் கோல்மன் இதே முறையில், மறுபடியும் தன்னார்வலர்களை வைத்தே, இரண்டாவது கணக்கெடுப்பை நடத்தினார்.

மக்கள் இப்படிக் கைகொடுத்தாலும், பிரிட்டனில் நிலப்படம் என்பது பிறப்பிலேயே படைத்துறையின் சொத்து. 1784இல் லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ வெளியில் படை அதிகாரி வில்லியம் ராய், அளவைக்கு ஆதாரமான ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. 1791இல் பிறந்த அரசு நிலப்பட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே அந்த வழியில் வந்ததுதான். சென்னையில் பரங்கிமலை அருகே 1802இல் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோடும் அதே முறையின் தொடர்ச்சி; அங்கிருந்து கிளம்பிய அளவைதான் பின்னாளில் இமயம்வரை போனது.

இப்படி அளந்தவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அளந்ததைத் தாளில் வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. தாளின் ஓரத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், அளவுத்திட்டம் இருக்கும். மலைச்சரிவுக்கு நிழல் தீட்டிய கை யாருடையது என்று இருக்காது. சவுத்தாம்ப்டனில் ஆர்டனன்ஸ் சர்வே, எடின்பரோவில் பார்த்தலோமியூ குடும்பத்தின் அச்சகம், பல்கலைக்கழகப் புவியியல் துறைகளின் வரைவறைகள் என ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிக் கைப்பழக்கம். ஓர் அறையில் கண்டுபிடித்த நுட்பம் அடுத்த ஊருக்குப் போய்ச்சேர வழியில்லை.

அந்த வழியைத் திறக்கத்தான் 1963இல் பிரிட்டிஷ் நிலப்படவியல் சங்கம் தொடங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1959இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பன்னாட்டு நிலப்படவியல் கழகம் உருவாகியிருந்தது. ஆல்ப்ஸ் மலைகளை வரைவதில் பெயர்பெற்ற எடுவார்ட் இம்ஹோஃப் அதன் முதல் தலைவர். தேசம்தோறும் சங்கங்கள் எழுந்த காலம் அது. இந்தியாவில் 1979இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய தேசிய நிலப்படவியல் சங்கம் அமைந்தது. வட அமெரிக்காவில் 1980இல் இன்னொன்று.

பிரிட்டிஷ் சங்கம் ஓர் அறக்கட்டளை. அதை நடத்துகிறவர்கள் அதன் உறுப்பினர்களே. பகலில் வரைவறையிலோ வகுப்பிலோ நூலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஆண்டுக் கூட்டத்துக்கு இடம் பிடிப்பது, கட்டுரைகளைத் திருத்துவது, பரிசுக்கு வந்த படங்களைப் பார்த்து மதிப்பிடுவது எல்லாம் அவர்கள் சொந்தப் பொறுப்பில் செய்வது. 1964இல் சங்கம் தொடங்கிய ஆய்விதழ் இன்றும் வருகிறது. அரசு அளவைத் துறை அதிகாரி, அச்சக வரைவாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர், நூலகத்தில் பழைய படங்களைக் காப்பவர், வெறும் ஆர்வத்தால் வந்த வாசகர் ஆகியோர் ஒரே கூடத்தில் சரிசமமாக உட்கார்ந்து பேச முடிந்தது என்பதுதான் இந்தச் சங்கத்தின் முதல் சாதனை.

அவர்கள் பேசியது எதைப் பற்றி என்று புரிய, அன்றைய வரைவறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஒளி புகாத பூச்சு பூசிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, கீழிருந்து விளக்கு எரியும் மேசையில் விரிந்திருக்கும். வரைவாளர் அதில் மை தொட்டு எழுதுவதில்லை. கூர்முனைக் கருவியால், பனையோலையில் எழுத்தாணி ஓடுவதுபோல, பூச்சை மட்டும் கீறி எடுப்பார். கீறிய இடத்தில் ஒளி ஊடுருவும். அந்தத் தாளே அச்சுக்கு நெகட்டிவ் ஆகிவிடும். ஆறுகளுக்கு ஒரு தாள், சாலைகளுக்கு ஒரு தாள், சம உயரக் கோடுகளுக்கு ஒரு தாள் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே. எல்லாத் தாள்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பிசகினால் ஆறு பாலத்தை விட்டு விலகி ஓடும்.

ஊர்ப் பெயர்கள் தனிக் கதை. ஒளிப்பட முறையில் அச்செடுத்த பெயர்ச் சீட்டுகளைக் கத்தரித்து, பின்புறம் மெழுகோ பசையோ தடவி, ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். எந்தப் பெயரை எங்கே வைப்பது என்பதுதான் கடினம். ஊரைக் குறிக்கும் புள்ளிக்கு வலப்புறம் சற்று மேலே வைத்தால் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆற்றின் பெயர் ஆற்றோடு வளைந்து போக வேண்டும். கடலோர ஊரின் பெயர் கடல்மேல் கிடப்பது நல்லது. இம்ஹோஃப் 1962இல் இதற்கென்றே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் கணினிக்குப் பெயர் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களும் அந்த விதிகளிலிருந்துதான் தொடங்கினார்கள்.

கணினி வந்த கதையும் இந்தக் கைவேலையின் சலிப்பிலிருந்தே கிளம்பியது. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகத்தில் டேவிட் பிக்மோர் பிரிட்டனுக்கு ஒரு பெரும் நிலப்படத் தொகுப்பைத் தயாரித்தார். அது 1963இல் வெளிவர நெடுங்காலம் பிடித்தது. கையால் இவ்வளவு தகவலை அடுக்குவது இனி ஆகாது என்று உணர்ந்த அவர், ரே பாயில் என்ற பொறியாளரோடு சேர்ந்து, இயந்திரமே கோடு வரையும் ஒரு முறையை உருவாக்கினார். 1967இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் நிலப்படச் சோதனைக் கூடம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கியது. கலைக் கல்லூரியில் என்பது கவனிக்கத்தக்கது. இயந்திரம் கோடு போட்டாலும், பார்வைக்கு எது முந்த வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கக் கலைக்கண் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

கீறும் ஊசியும் மெழுகுச் சீட்டும் பிறகு மெல்ல மறைந்தன. மேசைக் கணினி வைத்திருக்கும் யாரும் படம் வரையலாம் என்ற நாள் வந்தது. அதனால் சங்கத்தின் வேலை குறையவில்லை, கூடியது. கருவி எளிதானதும் மோசமான படங்களும் பெருகின. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த நிறம் எதைக் குறிப்பது என்று சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது.

2008இல் சங்கத்தின் அன்றைய தலைவர் மேரி ஸ்பென்ஸ் வெளிப்படையாக ஓர் எச்சரிக்கை விடுத்தார். இணைய நிறுவனங்களின் படங்கள் வண்டி ஓட்டுபவருக்கு வழி காட்டுகின்றன. ஆனால் தேவாலயங்கள், பழங்காடுகள், பழைய மாளிகைகள், தொல்லிடங்கள் அவற்றில் காணாமல் போகின்றன என்றார். அவர் கவலை எதைப் பற்றியது என்று அறிய, பிரிட்டனின் அச்சிட்ட நிலப்படத் தாள் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் போதும். சதுரக் கோபுரம் உள்ள தேவாலயத்துக்குச் சிலுவை தாங்கிய கறுப்புச் சதுரம். கூம்புக் கோபுரம் உள்ளதற்குச் சிலுவை தாங்கிய கறுப்பு வட்டம். மலைமேல் நடப்பவர் தொலைவில் தெரியும் கோபுரத்தைப் பார்த்தே தான் நிற்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளலாம். ரோமர் காலத்து இடிபாட்டுக்கு ஓர் எழுத்துரு, மற்றத் தொல்லிடங்களுக்கு வேறோர் எழுத்துரு. பல தலைமுறைகள் நடந்து பார்த்துச் சேர்த்த அறிவு அது.

ஸ்பென்ஸ் நம்பிக்கை வைத்து எடுத்துக்காட்டிய ஓர் உதாரணமும் தன்னார்வலர்களுடையதே. 2004இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் ஸ்டீவ் கோஸ்ட், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது நிலப்படத்தைத் தொடங்கியிருந்தார். ஆர்டனன்ஸ் சர்வேயின் தகவல்களுக்கு அப்போது உரிமமும் கட்டணமும் உண்டு. யாரும் எடுத்து ஆளக்கூடிய படம் வேண்டுமென்றால் மக்களே வரைவதுதான் வழி. 2006 மே மாதத்தில் ஆர்வலர்கள் இங்கிலாந்தின் வைட் தீவில் கூடி, கையடக்க ஜிபிஎஸ் கருவிகளோடு நடந்தும் சைக்கிளில் சுற்றியும் ஒரே வார இறுதியில் தீவின் சாலைகளைப் பதிவு செய்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2010 ஏப்ரலில், ஆர்டனன்ஸ் சர்வேயும் தன் தகவலில் ஒரு பகுதியைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

சங்கம் இப்போது மறுபடியும் பள்ளிக்கூடங்களை நாடியிருக்கிறது. அதன் உறுப்பினர்கள் நடத்தும் இலவசப் பயிலரங்கில் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும்தான் பாடம். மாணவர்கள் குழுவாகப் பிரிந்து, மீட்புப் பணியாளர்களுக்கு உதவும் படம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். எந்தச் சாலை திறந்திருக்கிறது, மருத்துவமனை எங்கே, நீர் எதுவரை ஏறியது, அணு உலை எவ்வளவு தூரம்? எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்தால் ஒன்றும் தெரியாது. எனவே எதை விடலாம் என்று குழுவுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாம்ப் காலத்துப் பிள்ளைகள் பார்த்ததைப் பதிந்தார்கள். இவர்களோ கையிலிருக்கும் தகவலிலிருந்து மீட்பவருக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கும் முன்னால் நின்று வழிகாட்டியவர்கள் சம்பளம் வாங்காமல் வந்தவர்கள்.