காரையாற்றுப் படகு

எங்கள் திருவேங்கடம் கரிசல் பூமி. அங்கே தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான். மீன்பிடி என்றால், கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கையுமாகச் சேற்றில் இறங்குவதுதான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் தென்காசியைத் தாண்டிப் பாபநாசம் மலையேறி, 143 அடிக்கு நீர் தேக்கும் காரையாற்று அணையைப் பார்த்து வாயடைத்து நிற்பதில் வியப்பென்ன?

ஆனால் அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. தாமிரபரணி மலையிலிருந்து விழும் வேகத்தின்மேல் முதலில் கண் வைத்தது பஞ்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி கம்பெனியார் விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை வைத்ததற்குக் காரணம், விழுகிற தண்ணீரைக் கொண்டே இயந்திரத்தைச் சுழற்றலாம் என்பதுதான். பிறகு வந்தது மின்சாரம். பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் மின்நிலையங்கள் ஓடத் தொடங்கின. பாபநாசத்து மின்சாரத்துக்காக எழுந்ததே இந்த அணை. மலைமேல் விளக்குக்கு உழைத்துவிட்டு இறங்குகிற அதே தண்ணீர், கீழே சுமார் 86,000 ஏக்கரில் காரும் பிசானமும் விளைவிக்கிறது.

இத்தனை காரியத்துக்காகத் தேக்கிய நீரில் நமக்கு உல்லாசமும் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் அனுபவிக்க வந்தவர்கள், ஒரு நாளை ஒதுக்கி இங்கே வந்து, படகேறிப் பாணதீர்த்த அருவியைப் பார்த்துத் திரும்பிய காலம் உண்டு. மீன் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் ஏமாற்றம். பாபநாசம் கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போடலாம், பிடிக்கக் கூடாது!

கூடாரமடித்துத் தங்குவதோ அணைக்கும் முந்திய பழக்கம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு வருகிறவர்கள், ஆற்றங்கரைக் காட்டில் குடில் போட்டு, பொங்கிச் சாப்பிட்டு, நாள்கணக்கில் கிடப்பார்கள். முண்டந்துறை 1962-இல் புலிகள் சரணாலயமாயிற்று. களக்காட்டோடு சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகமாயிற்று. புலிக்கு வீடென்று ஒப்புக்கொண்ட பிறகு, விருந்தாளியின் நாட்களும் குறையத்தானே வேண்டும்? அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

என் மனத்தை உறுத்துவது வேறு. ஏரிக்கு அப்பால் இஞ்சிக்குழியில் காணிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். அரிசி வாங்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் இந்த நீர்ப்பரப்பைக் கடந்தாக வேண்டும். இல்லையென்றால் காட்டைச் சுற்றி நடக்க வேண்டும். கீழே நம் வீட்டில் விளக்கெரிவதற்காகத் தேங்கிய தண்ணீர், மேலே அவர்கள் பாதையில் நிற்கிறது.

படகு ஓடாவிட்டால் நமக்கு நஷ்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேறுகால வலியோடு அக்கரையில் காத்திருக்கும் பெண்ணுக்கு? இந்த அணையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அடிக்கணக்கும் ஏக்கர் கணக்கும் எழுதட்டும். அக்கரைக்கு ஒரு படகு எப்போதும் இருந்ததா என்பதையும் ஒரு வரி எழுதினால் நல்லது.